புறஞ்சேரியும் அடைக்கலமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நெய்வேலியில் வட்டம் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. அஞ்சல்காரருக்கு அது முகவரி. எண்ணிட்டு வகுத்த தெருக்கள், எண்ணிட்ட வீடுகள், வரிசையாக நிற்கும் மரங்கள். நமக்கோ அது மாதத்திற்கு ஒருமுறை கூடி, ஒருவர் எழுதியதை மற்றவர் கேட்டு, பாராட்டியும் கடிந்தும் வளர்ந்த ஒரு குடும்பத்தின் பெயர். பத்தாண்டுகள் ஒரு குடும்பத்திற்குச் சிறிய காலமாக இருக்கலாம். ஓர் இலக்கிய அமைப்பிற்கு அது பெரிய காலம். தொடங்கிய வேகத்திலேயே கலைந்துபோன அமைப்புகள் பலவற்றை நாம் அறிவோம். ஆகவே முதற்கண் என் வாழ்த்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

'நகரும் புறநகரும்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. சிலப்பதிகாரத்தில் ஆய்வு செய்தவள் என்பதால் புகாரின் மருவூர்ப்பாக்கத்தையும் பட்டினப்பாக்கத்தையும் விரித்துரைப்பேன் என்று நண்பர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவற்றை மேடைகளில் போதுமான அளவு விரித்துரைத்துவிட்டோம். நான் இன்று மதுரையின் மதிலுக்கு வெளியே நின்று பேச விரும்புகிறேன்.

புறம் என்னும் சொல்

நம் மொழியில் புறம் என்பது இழிந்த சொல் அன்று. அகத்திற்கு நிகராக நின்று இலக்கியத்தையே இரண்டாகப் பகுத்த சொல் அது. ஆனால் ஊரோடு சேரும்போது அதன் முகம் மாறுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் புகாரின் புறச்சேரியைக் காட்டுகிறார். அங்கே உறைகிணறு இருக்கிறது, குட்டிகளோடு பன்றிகள் திரிகின்றன, கோழிகள் மேய்கின்றன. மாடங்களையும் கொடிகளையும் பாடிய புலவர், உறை இறக்கிய கிணற்றையும் கண் தாழ்த்திப் பார்த்தார் என்பது நோக்கத்தக்கது. நகரத்தின் பெருமையைப் பாட வந்தவருக்கு, நகரம் எங்கே முடிகிறது என்பதும் பாடுபொருளாயிற்று.

புறம் என்பது நிலையான எல்லையும் அன்று. இன்று சென்னையின் நடுவே இருக்கும் நுங்கம்பாக்கம் 1708-இல் கோட்டைக்கு வெளியே இருந்த ஒரு சிற்றூராகத்தான் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பாக்கம் என்று முடியும் ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: சேப்பாக்கம், கோடம்பாக்கம், மீனம்பாக்கம், துரைப்பாக்கம், பெரும்பாக்கம். ஒரு நகரம் ஊர்களை ஒவ்வொன்றாகத் தன்னுள் இழுத்துக்கொண்ட வரலாறு அந்த வரிசையில் இருக்கிறது. 2011-இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஆவடி 2019-இலும் தாம்பரம் 2021-இலும் தனி மாநகராட்சிகள் ஆயின. நேற்றைய புறம் இன்றைய அகம். ஆனால் அந்த மாற்றத்தில் நிலம்தான் அகமாகிறது. அந்த நிலத்தில் வாழ்ந்த மனிதர்கள் அகத்தவர் ஆகிறார்களா என்பதே என் கேள்வி.

மதுரைக்கு வெளியே ஒரு மாலை

சிலம்பின் மதுரைக்காண்டத்தில் ஒரு காதையின் பெயரே 'புறஞ்சேரி இறுத்த காதை'. வெயிலுக்கு அஞ்சி இரவில் நடந்து, வையையைக் கடந்து, கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரையின் புறஞ்சேரியில் தங்குகிறார்கள். அது அறவோர் வாழும் இடம். இல்லறத்தார் அங்கே நெடிது தங்குதல் தகாது. பொழுது மறையுமுன் நகருக்குள் செல்ல வேண்டும். ஆனால் யாரிடம் செல்வது? வணிகப் பெருங்குடியில் பிறந்தவர்களுக்கு அந்த மாநகரில் தெரிந்த ஒரு வாசல் இல்லை.

அப்போதுதான் மாதரி வருகிறாள். அவள் ஆயர் குலத்து முதுமகள். இயக்கிக்குப் பால்மடை படைத்துவிட்டுத் திரும்புகிறவள், கவுந்தியைக் கண்டு வணங்குகிறாள். கவுந்தி அவளிடம் கண்ணகியை அடைக்கலமாகத் தருகிறார். தரும்போது அவர் சொல்லும் ஒரு செய்தியை நாம் வகுப்பறைகளில் விரைவாகக் கடந்துவிடுகிறோம். இப்பெண்ணின் கணவனுடைய தந்தை இன்னார் என்று கேள்விப்பட்டால், மதுரையின் செல்வ வணிகர்கள் கிடைத்தற்கரிய பொருள் கிடைத்ததுபோல் மகிழ்ந்து இவர்களைத் தம் வீட்டில் ஏற்றுக்கொள்வார்கள். அதுவரையில் உன்னிடம் தருகிறேன் என்பது அதன் சாரம். செல்வர் வீட்டுக் கதவு திறப்பதற்குத் தந்தையின் பெயர் வேண்டியிருக்கிறது. மாதரியின் கதவுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

அவளுக்கு இடப்பட்ட பணியும் சிறியது அன்று. நீராட்டி, மை எழுதி, பூச்சூட்டி, உடை திருத்தி, தோழியும் காவலும் தாயும் அவள் ஒருத்தியே ஆக வேண்டும். மாதரி மறுசொல் சொல்லவில்லை. பொழுது சாயும் நேரத்தில், காவற்காடும் அகழியும் பகைவரைத் தாக்கும் பொறிகளும் அமைந்த மதிலின் வாயிலைக் கடந்து கண்ணகியைத் தன் மனைக்கு அழைத்துச் செல்கிறாள். செம்மண் பூசிய பந்தலுடைய சிறு வீட்டில் குடியமர்த்துகிறாள். இவர்கள் சாவக நோன்பு உடையவர்கள், பகலிலேயே உண்ண வேண்டியவர்கள் என்று அறிந்து, சமைக்கும் கலங்களைக் காலந்தாழ்த்தாமல் கொடுக்கச் சொல்கிறாள். பலாக்காயும் வெள்ளரியும் மாதுளங்காயும் மாவும் வாழையும் அரிசியும் பாலும் வருகின்றன. தன் மகள் ஐயையைக் கண்ணகிக்கு நாத்தனாராக்குகிறாள். இதைவிட நுட்பமான விருந்தோம்பல் உண்டா? வந்தவள் தனித்து நிற்காதபடி முதல் நாளிலேயே ஓர் உறவைக் கொடுத்துவிட்டாள்.

முடிவு நமக்குத் தெரியும். கோவலன் கொலையுண்டான்; அரசன் உயிர்விட்டான்; மதுரை எரிந்தது. ஆனால் மாதரியின் முடிவு நம்மில் எத்தனை பேர் நினைவில் இருக்கிறது? அடைக்கலப் பொருளை இழந்தேனே என்று அரற்றி, நள்ளிரவில் அவள் தீயில் புகுந்தாள். கவுந்தி உண்ணாநோன்பால் உயிர் துறந்தார். இரண்டையும் வஞ்சிக்காண்டத்தில் மாடலன் சொல்லித்தான் நாம் அறிகிறோம்.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் மாதரிக்கு நான் கொடுத்த இடம் ஓர் அடிக்குறிப்பு. 'அடைக்கலக் காதை' என்றவுடன் கவுந்தியின் அறத்தைப் பற்றிப் பத்து மதிப்பெண் வினா எழுதியவளும் நானே. கொடுத்தவரைப் பாடினேன், ஏற்றவளை விட்டுவிட்டேன். அந்தப் பிழையை எனக்கு உணர்த்தியது எந்த ஆய்வு நூலும் அன்று. ஒரு மாணவியின் கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

கண்ணகியின் பெயரில் ஒரு நகர்

சென்னையின் தென்புறத்தில், துரைப்பாக்கத்தை அடுத்து, கண்ணகி நகர் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. 2000-ஆம் ஆண்டளவில் குடிசை மாற்று வாரியம் அதனை உருவாக்கியது. ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் நகரின் நடுவிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டருக்கு அப்பால் அங்கே குடியேற்றப்பட்டன. வீடுகளின் எண்ணிக்கை 15,000-க்கும் மேல். தொடக்கத்தில் கட்டியவை 200 சதுர அடியைக்கூட எட்டாத வீடுகள். 2004-இல் ஆழிப்பேரலை வந்தபின் கடற்கரை மக்களில் பலர் செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டனர். 2015 பெருவெள்ளத்திற்குப் பின் கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்தவர்கள் பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளுக்குச் சென்றனர். வெள்ளத்திலிருந்து காப்பதற்காக என்று சொல்லி அனுப்பப்பட்ட இடம் எது தெரியுமா? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்ந்த பகுதி. மழைக்காலத்தில் நீர் தானாக வந்து தேங்கும் நிலம். அந்தச் சதுப்பு நிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நீருக்கு உரிய இடம் என்று உலகம் ஏற்ற நிலத்தின் ஓரத்தில், நீருக்கு அஞ்சிய மக்களைக் குடியமர்த்தியிருக்கிறோம்.

அவர்களுக்கு வீடே கிடைக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. கூரை கிடைத்தது, சுவர் கிடைத்தது, மின்விளக்கு கிடைத்தது. கிடைக்காமற் போனது மாதரி. காலையில் வேலைக்கு நடந்து சென்ற பெண் மூன்று பேருந்து மாற வேண்டியதாயிற்று. குழந்தையின் பள்ளி பின்தங்கிவிட்டது. கடனுக்கு அரிசி கொடுத்த கடைக்காரர் பின்தங்கிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்மணி வேறு கட்டடத்தின் ஏழாவது மாடிக்குப் போய்விட்டாள். வேலை கேட்டுப் போன இளைஞன் முகவரியைச் சொன்னவுடன் கேட்டவர் முகம் மாறிற்று. கண்ணகியின் பெயரே வேலை மறுக்கப்படும் காரணமாக அமைந்த கொடுமையை நாளிதழ்கள் பலமுறை எழுதியிருக்கின்றன.

சிலம்பில் நடந்ததை இதனோடு வைத்துப் பாருங்கள். அங்கே புறஞ்சேரியில் நின்ற பெண்ணை ஒரு கை பற்றி மதில்வாயிலுக்குள் அழைத்துச் சென்றது. இங்கே மதிலுக்குள் வாழ்ந்த பெண்ணை, பாத்திரம் பண்டங்களோடு லாரியில் ஏற்றிப் புறஞ்சேரிக்கு அனுப்பியிருக்கிறோம். திசை மாறிவிட்டது. அதைவிட, ஒப்படைத்தவரும் இல்லை, ஏற்றவரும் இல்லை. ஒதுக்கீட்டு ஆணை ஒன்றுதான் இருந்தது.

பாவலர் பெருமக்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். சென்னைக் கடற்கரையில் 1968-இல் நிறுவப்பட்ட கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டபோது தமிழுலகம் கொதித்தது. கவிதைகள் எழுந்தன, கூட்டங்கள் நடந்தன. 2006-இல் சிலை மீண்டும் நிறுவப்பட்டபோது மகிழ்ந்தோம். நானும் மகிழ்ந்தேன். அதே ஆண்டுகளில்தான் கண்ணகி பெயர் தாங்கிய நகரில் குடும்பம் குடும்பமாக மக்கள் கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள். சிலையாக நின்ற கண்ணகி இடம்பெயர்ந்தபோது எழுதிய நாம், உயிரோடு இடம்பெயர்ந்தவர்களைப் பற்றி எத்தனை வரி எழுதினோம்? பிறர்மேல் குற்றம் சுமத்தக் கேட்கவில்லை. நான் ஒரு வரியும் எழுதவில்லை.

அந்த நகர் நம் பாட்டுக்காகக் காத்திருக்கவும் இல்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்திய மகளிர் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய கார்த்திகாவைத் தமிழகம் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே அழைத்தது. எந்த முகவரி வேலைக்குத் தடையாக இருந்ததோ, அதுவே ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் நிற்கும் அடைமொழியாயிற்று. புலவர்கள் கொடுக்கத் தவறிய பெருமையை அந்த மண்ணின் பிள்ளை தானே ஈட்டிக்கொண்டாள்.

நம் வாசலில்

சென்னை இங்கிருந்து ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதன் புறநகரைப் பற்றி நெய்வேலியில் ஏன் பேச வேண்டும் என்று சிலர் எண்ணலாம். அந்த நகரம் உண்பதும் குடிப்பதும் எங்கிருந்து என்று எண்ணிப் பார்த்தால் தொலைவு குறைந்துவிடும். சோழர் காலத்து வீராணம் ஏரியின் நீர் நமக்கு அருகேயுள்ள வடக்குத்தில் தூய்மை செய்யப்பட்டு, 2004 முதல் குழாய் வழியே சென்னைக்குச் செல்கிறது. அதன் நீளம் 235 கிலோமீட்டர், நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் அளவுக்கான திட்டம். 1962-இல் உற்பத்தியைத் தொடங்கி 2020-இல் ஓய்வு பெற்ற நம் முதல் அனல்மின் நிலையம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழகத்திற்கு ஒளி தந்தது. ஒரு பெருநகரத்தின் விளக்கும் தண்ணீரும் எங்கிருந்து புறப்படுகின்றனவோ, அந்த இடமும் அந்நகரத்தின் புறஞ்சேரியே.

இந்த மண்ணின் கதை உங்களுக்குத் தெரியாதது அன்று. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் வெளிப்பட்டது. 1956-இல் நிறுவனம் பிறந்தது. 1957 மே 20-ஆம் நாள் பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு இருந்த ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்த பின்னரே 1961-இல் பழுப்பு நிலக்கரியைத் தொட முடிந்தது. அந்தச் சாதனையின் பெருமை நம் எல்லோருக்கும் உரியது. இந்த அவையில் இருப்போரில் பலர் அதில் வியர்வை சிந்தியவர்கள். அல்லது சிந்தியவர்களின் பிள்ளைகள். நான் உண்ணும் சோறும் இந்த நகரியத்தோடு தொடர்புடையதே. ஆயினும் அதே மண்ணில் முந்திரியும் கம்பும் விளைவித்தவர்கள் இருந்தார்கள். சுரங்கம் விரிய விரிய அவர்களுடைய ஊர்கள் பெயர்ந்தன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியபோது நம்மில் எவருக்குத்தான் நெஞ்சு பதறவில்லை? இழப்பீடு, வேலை, சட்டம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுதற்கு வேறு மன்றங்கள் உள. இலக்கிய மன்றத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

அந்தக் கேள்வியைத்தான் என் மாணவி கேட்டாள். முதலாண்டு வகுப்பில் 'எங்கள் ஊர்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். எல்லோரும் எழுதிக்கொண்டிருக்க, அவள் மட்டும் தாளை வெறுமனே வைத்திருந்தாள். அருகில் சென்று கேட்டேன்.

"எந்த ஊரை எழுதறதுங்க அம்மா? தாத்தா ஊரையா, இப்ப இருக்கிற ஊரையா?"

"தாத்தாவின் ஊரையே எழுதலாமே" என்றேன்.

"அந்த இடத்துல இப்ப மண்ணே இல்லீங்க அம்மா, பள்ளம்தான். இப்ப இருக்கிற இடத்துக்கு எங்க பேரு தெரியாது."

அன்று பிற்பகல் அதே வகுப்பிற்கு அடைக்கலக் காதை நடத்த வேண்டியிருந்தது. கவுந்தி ஒப்படைத்தார், மாதரி ஏற்றாள் என்று சொல்லி முடித்தேன். அந்தப் பெண் எழுந்தாள்.

"எங்க தாத்தாவ யாரு கையில ஒப்படைச்சாங்க அம்மா?"

இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறவள் நான். அவளுக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. அந்த இரவில்தான் மாதரியை முதன்முறையாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும்.

ஏற்கும் கைகள்

ஏற்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. சென்னையில் வாழ்ந்து, அந்த நகரை விட்டு நம் பக்கம் வந்த வள்ளலாருக்குப் பார்வதிபுரத்து மக்கள் நிலம் கொடுத்தார்கள். 1867-இல் வடலூர்த் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசித்து வந்தவரிடம் தந்தை பெயர் கேட்காத அடுப்பு அது. மாதரியின் வழித்தோன்றல்கள் தொலைவில் இல்லை. நம் அண்டையிலேயே இருக்கிறார்கள்.

எழுத்திலும் நமக்கு முன்னோடிகள் உண்டு. இந்த நடுநாட்டு மக்களைக் கவிதைக்குள் அவர்கள் பேச்சோடு அழைத்துவந்தது பழமலயின் 'சனங்களின் கதை'. விருத்தாசலம் பகுதியின் சொற்களைத் தனியொருவராகத் திரட்டி 'நடுநாட்டுச் சொல்லகராதி' தந்தவர் கண்மணி குணசேகரன். பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியதை ஓர் எழுத்தாளர் செய்தார். இவற்றை அடைக்கலப் பணி என்றே நான் சொல்வேன். வீடிழந்த சொற்களுக்கு அவர்கள் வீடு கொடுத்தார்கள்.

ஆகவே பத்தாண்டு நிறைந்த இந்நாளில் வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். வரும் ஆண்டில் நம் மாதக் கூட்டங்களில் பாதியையேனும் நகரியத்திற்கு வெளியே, இடம்பெயர்ந்தோர் வாழும் ஊர்களில் நடத்துவோம். கவிதை படிக்கப் போக வேண்டா, கேட்கப் போவோம். போன ஊரின் பெயர், ஏரியின் பெயர், ஐயனார் கோயில் இருந்த மேட்டின் பெயர், ஒவ்வொரு கொல்லைக்கும் அவர்கள் வைத்திருந்த பெயர் ஆகியவற்றை எழுதி வாங்குவோம். முதியவர்கள் இருக்கும்போதே அது நடக்க வேண்டும். அவர்களோடு அந்தப் பெயர்களும் போய்விட்டால் எந்த இயந்திரத்தாலும் தோண்டி எடுக்க முடியாது. பதினோராம் ஆண்டு மலர் அந்தப் பெயர்களின் மலராக வரட்டும்.

அதனால் போன நிலம் திரும்பி வராது. கவிதை எழுதி எவருக்கும் ஒரு குழி மண்ணை மீட்டுத் தர இயலாது. அதை நான் அறிவேன். மாதரியாலும் கண்ணகியின் வாழ்வை மீட்டுத்தர இயலவில்லை. ஆனால் அந்த மாநகரில் கண்ணகி அந்நியளாக இருந்த காலம் சில நாழிகைதான். அதற்குள் அவளுக்கு ஒரு கலம் கிடைத்தது. ஒரு நாத்தனார் கிடைத்தாள். தன்னைப் பெயர் சொல்லி அழைக்க ஒரு வீடு கிடைத்தது. அதைக் கொடுத்தது பாண்டியனின் அவை அன்று. பால் விற்று வாழ்ந்த ஒரு முதியவள்.

நாமும் ஒருநாள் பணி ஓய்வு பெற்று, எண்ணிட்ட இந்த வட்டங்களிலிருந்து வெளியேற வேண்டியவர்கள்தாம். நகரிய வீடு எவருக்கும் சொந்தமன்று. வேறோர் ஊரின் புறத்தில், நம் தந்தையின் பெயர் தெரியாத தெருவில் நிற்கும்போது, நம்மையும் யாரேனும் ஏற்க வேண்டியிருக்கும்.

என் மாணவி அந்தக் கட்டுரையை இன்னும் எழுதித் தரவில்லை. மதிப்பெண் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே அந்த இடத்தை நானும் நிரப்பாமல் வைத்திருக்கிறேன். அவள் தாத்தாவின் ஊருக்குரிய பெயர்களைக் கேட்டறிய முதற் கூட்டத்தை அவர்கள் தெருவில் வைக்கலாமா என்று நேற்றுக் கேட்டேன். "வாங்க அம்மா, பாய் போட்டு வைக்கிறோம்" என்றாள்.

அழைப்பு வந்துவிட்டது. நாள் குறிப்பது வட்டத்தின் கையில் இருக்கிறது.